ஐந்தில் ஓடும் விசிறி

உள்ளே வருகிறவர்கள் கதவைச் சாத்தினால், கத்தரிக்கோலும் கையுமாக வந்து மறுபடி திறந்துவிடுவாள். வெளியே மழையாக இருக்கும், சில்லென்று காற்றடிக்கும். அவள் தலைக்கு மேலே மின்விசிறி ஐந்தில் சுற்றும். வெட்டிய முடி தரையில் தங்காமல் பறந்து காத்திருப்பவர்களின் மடியில் வந்து உட்காரும். "என்ன புழுக்கம், என்ன புழுக்கம்!" என்று கழுத்தைத் துடைத்துக்கொள்வாள். நாங்கள் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொள்வோம்.

தெருவில் அவளுக்குப் பெயர் எக்ஸ்பிரஸ். பெண்களுக்கு முடி வெட்டும் அந்தக் கடையில் இரண்டே நாற்காலிகள். ஒன்று அவளுடையது, மற்றது அவள் நாத்தனாருடையது. நாத்தனாரை அவள் பெயர் சொல்லியே கூப்பிட்டதில்லை, நத்தை என்றுதான் கூப்பிடுவாள்.

"நத்தை ஒரு தலைய முடிக்கிறதுக்குள்ள நான் மூணு தலைய அனுப்பிடுவேன்."

"அனுப்புறீங்க அண்ணி, யாரு இல்லன்னா? அதுல ரெண்டு திரும்பி எங்கிட்டதான வருது."

சாப்பாட்டிலும் எக்ஸ்பிரஸ்தான். தன் டப்பாவைக் காலி செய்துவிட்டு நாத்தனாரின் டப்பாவுக்குள்ளும் கையை விடுவாள். அப்படியும் ஆள் இளைத்துக்கொண்டே போனாள். கண்ணாடி முன் நின்று, தொளதொளத்த இடுப்புத் துணியைப் பிடித்துக் காட்டுவாள். "எவ்வளவு தின்னாலும் ஒட்ட மாட்டேங்குது, நர்ஸம்மா. குடுத்து வச்ச உடம்பு!"

நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையிலேயே தலை நரைத்தவள் நான். கொடுத்து வைத்த உடம்பு உட்கார்ந்திருக்கும்போது இப்படிப் படபடக்காது. ராத்திரியில் தூங்கவும் தூங்கும். சொன்னால் காதில் வாங்கினால்தானே?

வங்கிக் காசாளர் அம்மாளின் முன்நெற்றி முடி அவளுக்குப் பாடம் சொல்லிற்று. இடது பக்கம் ஏறிவிட்டதென்று வலதைச் சரி செய்தாள். வலது ஏறிவிட்டதென்று இடதைச் சரி செய்தாள். கடைசியில் புருவத்துக்கும் முடிக்கும் சம்பந்தமே இல்லாமல் போயிற்று. அந்த அம்மாள் தலையில் துணி கட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள்.

அன்று அவளைப் பிடித்துக் கையை நீட்டச் சொன்னேன். வாடிக்கையாளர் கழுத்தில் கட்டும் காகிதப் பட்டை ஒன்றை விரல்களின் மேல் போட்டேன். பட்டை படபடவென்று ஆடியது.

"விசிறிக் காத்துல ஆடுது."

"அப்போ விசிறிய நிறுத்து."

"நிறுத்தினா நான் செத்துடுவேன்!"

அவள் கணவர் அழைத்துப்போய் ரத்தப் பரிசோதனை செய்ய வைத்தார். முடிவு வந்ததும் துள்ளிக் குதித்துக்கொண்டு வந்தாள். "டிஎஸ்எச் கம்மின்னு போட்டிருக்கு, நர்ஸம்மா. அந்த டாக்டரு என்னடான்னா தைராய்டு அதிகங்கறாரு. படிச்சவரு மாதிரியே பேசல!"

இரண்டும் வேறு என்று சொன்னேன். கழுத்தில் இருக்கும் தைராய்டை வேலை வாங்க, மூளைக்கடியிலிருக்கும் பிட்யூட்டரி அனுப்பும் ஹார்மோன்தான் டிஎஸ்எச். யாரும் சொல்லாமலே தைராய்டு கன்னாபின்னாவென்று சுரந்தால் மேலிருப்பது வாயை மூடிக்கொள்ளும், டிஎஸ்எச் குறைந்துவிடும். கூடுதலாகச் சுரந்தது ரத்தத்தில் கலந்து, உடம்பின் எல்லா அடுப்பையும் ஒரே நேரத்தில் எரியவிடும். புழுக்கம், பசி, இளைப்பு, படபடப்பு, கை நடுக்கம், எல்லாம் அதன் வேலைதான்.

"யாரு சொன்னாலும் கேக்காதா அது?"

"கேக்காது."

"அண்ணி மாதிரியே இருக்குதே" என்றாள் நாத்தனார்.

நடுக்கம் நிற்கும்வரை கத்தரிக்கோலைத் தொடக்கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். எக்ஸ்பிரஸ் கையில் துடைப்பம் வந்தது. நத்தை வெட்ட, இவள் கூட்டினாள். சுரப்பைக் குறைக்க அவர் எழுதிக்கொடுத்த மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்ப்பாள். "இதப் போட்டு நானும் நத்தையாயிட்டா? வேகம்தான நர்ஸம்மா எங்கிட்ட இருக்கு. அது போச்சுன்னா எவ என் நாற்காலில உக்காருவா?"

"முதல்ல முழுங்கு" என்றேன். "இந்த மாத்திரை போடறப்போ காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தா அன்னைக்கே டாக்டர்கிட்ட ஓடு. வேகத்த அப்புறம் பாத்துக்கலாம்."

வாரங்கள் போயின. நாத்தனாரின் டப்பாவில் சோறு மிஞ்ச ஆரம்பித்தது. விசிறி நாலுக்கு வந்தது, பிறகு மூன்றுக்கு. யாரும் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் வீம்புக்கு ஐந்தில் வைத்துவிடுவாள்.

நேற்று நான் போனபோது கதவு சாத்தியிருந்தது. என்னைக் கண்டதும் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுப் போய் விசிறியை அவளே நிறுத்தினாள். காகிதப் பட்டை ஒன்றை உருவி, கையை நீட்டி, விரல்களின் மேல் போட்டாள்.

"ஏய் நத்தை, மூச்சு விடாத!"

நத்தை விடவில்லை. நானும் விடவில்லை. பட்டை போட்டது போட்டபடி கிடந்தது.

நாத்தனார் கொண்டையை அவிழ்த்துக்கொண்டு நேரே எக்ஸ்பிரஸின் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். "நுனி மட்டும் வெட்டுங்க, அண்ணி. எனக்கொண்ணும் அவசரமில்ல."

எக்ஸ்பிரஸ் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள். விரல்மேல் கிடந்த அந்தப் பட்டையையே எடுத்து நாத்தனாரின் கழுத்தைச் சுற்றிக் கட்டி, நுனியை மடித்து, மெதுவாக உள்ளே செருகினாள்.