அம்மா இழுத்துக்கொண்ட கால்கள்

சூறாவளியில் சுவர் விழுந்து அப்பா செத்தபிறகு, நெல் அவித்துக் குத்தி, அரிசியைக் கல்முனைக்குடி முஸ்லிம் வீடுகளுக்குத் தலையில் சுமந்துபோய்க் கொடுத்துத்தான் அம்மா என்னை வளர்த்தார்.

என் கல்யாணம் காரைதீவில், எங்கள் வீட்டு வளவிலேயே நடந்தது. பலகாரம் சுட்டது, கூறைச் சேலையை மடித்து வைத்தது எல்லாம் அம்மா. விடிந்ததும் குசினிக்குள் போனவர் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. தாலி கட்டியானதும் ஐயர், "தாய் தகப்பன் வாங்கோ, பிள்ளைகள் காலில விழட்டும்" என்றார். அம்மாவின் அண்ணனும் அவர் மனைவி மாமியும் தாய் தகப்பன் இடத்தில் வந்து நின்றார்கள். விழுந்தோம். "தீர்க்க சுமங்கலியா இரு மகள்" என்று மாமி அரிசி தூவினார்.

நான் எழும்பி மாலையோடு குசினிக்குப் போனேன். கணவரும் பின்னால் வந்தார். எங்களைக் கண்டதும் அம்மா சுவரோரம் ஒதுங்கி, இரண்டு காலையும் சேலைக்குள் இழுத்துக்கொண்டார்.

"கிட்ட வராத மகள். இண்டைக்கு வேணாம்."

"ஒருக்கா மட்டும் அம்மா."

"நாளைக்கு உனக்கு ஒண்டு நடந்தா என்னாலதான் எண்டு ஊர் சொல்லும். நானும் அப்பிடித்தான் நினைப்பன்."

அம்மாவிடம் அரிசி வாங்கும் முஸ்லிம் வீட்டு அக்கா, நாங்கள் ராத்தா என்று கூப்பிடுபவர், குசினி வாசலில் நின்றார். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அம்மாவைப் பார்த்தார்.

"நாங்க ஆர்ர கால்லயும் உழுறல்ல புள்ள. நீங்க உழுற ஆக்கள். அப்ப பெத்தவள்ட கால்ல உழாம வேற ஆர்ர கால்ல உழுற?"

"அது எங்கட முறை ராத்தா. கதைக்காதீங்க" என்றார் அம்மா.

மாமி கூப்பிட்டார். நான் திரும்பிப் பந்தலுக்குப் போனேன்.

அடுத்த வருடம் எனக்குப் பிள்ளை உயிரில்லாமல் பிறந்தது. அம்மா ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. நான் வீட்டுக்கு வந்தபோது அவருடைய உடுப்புகள் ஒரு பையில் கட்டி வைக்கப்பட்டிருந்தன.

"கல்யாணத்தண்டைக்கு நீ தாலியோட என்ர முகத்தில முழிச்சிட்டாய்" என்றார்.

டாக்டர் சொன்ன காரணத்தைச் சொன்னேன். கணவர் கெஞ்சினார். கடைசியில் அவரே குனிந்து அம்மாவின் காலைத் தொடப் போனார். அம்மா பயந்து கத்தினார். அன்றே வீரமுனையில் இருந்த சித்தி வீட்டுக்குப் போய்விட்டார். வீட்டை எனக்குச் சீதனமாக எழுதியாயிற்று. அவருக்கென்று அங்கே எதுவும் இருக்கவுமில்லை.

பொங்கல், வருடப்பிறப்பு எதற்கும் வரமாட்டார். நாங்கள் போனால் அடுப்படியிலிருந்து கதைப்பார். மகள் பிறந்து நல்லபடியாக வளர்ந்தாள். அவளையும் அம்மா தூக்கவில்லை. அம்மா நினைத்தது பிழை என்று காட்ட அந்தப் பிள்ளையே போதும் என்று நம்பியிருந்தேன். "என்னட்ட வராததாலதான் நல்லா இருக்கிறாள்" என்றார்.

எண்பதுகளின் நடுவில், தமிழ், முஸ்லிம் ஊர்களுக்கிடையே குழப்பம் வந்து பாதைகள் அடைபட்டிருந்த நாட்களில், காய்ச்சலில் அம்மா செத்துப்போனார். பாதை திறந்து நாங்கள் போனபோது அடக்கம் எல்லாம் முடிந்திருந்தது. சித்தி தேத்தண்ணி ஊற்றித் தந்தார். பின்னேரம் பஸ் இல்லாமல் போய்விடும் என்று கணவர் சொன்னார். எழும்பினோம்.