அருளப்பண்ணையை நேர் றோட்டால் கொண்டுபோனார்கள்

அருளப்பு அண்ணையை, எங்கள் வாயில் அருளப்பண்ணையை, நேர் றோட்டால் சேமக்காலைக்குக் கொண்டுபோய்ப் புதைத்தது பிழை. நகரத்தைச் சுற்றித்தான் தன்னைக் கொண்டுபோகவேண்டும் என்று அவர் கேட்டிருந்தார். நான் ஓம் என்று சொல்லியிருந்தேன். அந்தச் சொல்லைக் காப்பாற்ற என்னை விடவில்லை. இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் அவருடைய பெருமையைச் சொல்லுவேன். பெருமை மட்டும் போதும் என்பவர்களுக்கு, சவ அடக்கத்தை நடத்திய மலர்ச்சாலைக்காரர் ஒலிபெருக்கியில் சொன்னது போதும்.

செய்தி வந்தபோது நான் அச்சுவேலியில் ஒரு தோட்டத்துக் கிணற்றடியில் தண்ணீர் மோட்டர் ஒன்றைக் கழற்றிக்கொண்டிருந்தேன். கரவெட்டியிலிருந்து பொன்னுத்துரை தொலைபேசி எடுத்தான். "சிவம், அருளப்பண்ணை மோசம் போயிட்டாரடா" என்றான். குருநகரில் அவருடைய வீட்டு வாசலுக்குப் போன பிறகுதான் ஸ்பானர் இன்னும் என் கையில் இருப்பதைக் கண்டேன்.

அவரை உங்களில் பலர் படகு எஞ்சின் திருத்துகிறவராக அறிவீர்கள். நான் அவரை யாழ்ப்பாண நகரத்தில் ஓர் உதிரிப்பாகக் கடையில் சந்தித்தேன். அவர் எஞ்சினுக்குச் சாமான் தேடி வருவார், நான் மோட்டருக்கு. பொன்னுத்துரை வெங்காயத் தோட்டக்காரன். தன் மோட்டரைத் தானே பழுதாக்கிவிட்டு என்னுடன் கடைக்கு வருகிறவன். மூவரும் அந்த வாசலில் தேநீர் குடித்தே சிநேகிதரானோம்.

ஒருநாள் தெற்கிலிருந்து வந்த சுற்றுலா பஸ் ஒன்று கடைக்கு முன்னால் நின்றது. சனம் இறங்கிப் படம் பிடித்தது. அருளப்பண்ணை தேநீரை வைத்துவிட்டுச் சொன்னார்: "எங்கையெங்கையோ இருந்து வந்து பாக்குதுகள். நாங்கள் சாமானை வாங்கிப்போட்டு பஸ் பிடிக்க ஓடுறம். ஒரு நாளைக்குப் பாக்கிறதுக்கெண்டே வருவம்."

அந்த நாளுக்குச் சட்டமும் அவரே போட்டார். நல்ல சேட்டுப் போட்டு வரவேண்டும். சாமான் வாங்கக் கூடாது. எவரும் "முந்தி இஞ்ச" என்று பழங்கதை தொடங்கக் கூடாது. தொடங்கியவர்தான் எல்லாருடைய குடைகளையும் தூக்கவேண்டும்.

மழை இருட்டிக்கொண்டு நின்ற நாள் அது. கடைசிவரை பெய்யவில்லை. பஸ்ஸால் இறங்கி மூவரும் கதைத்துக்கொண்டே நடந்தோம். எங்கள் கால்கள் பழக்கத்தில் நேராக உதிரிப்பாகக் கடைக்கே போய்விட்டன. கடைக்காரர் கேட்டார்: "என்ன சாமான்?"

"ஒண்டும் வேண்டாம். ஊர் பாக்க வந்தனாங்கள்" என்றார் அருளப்பண்ணை.

"எந்த ஊர்?"

"உங்கடை ஊர்தான்."

கடைக்காரர் எங்கள் நல்ல சேட்டுகளை ஒருமுறை பார்த்தார்.

மணிக்கூட்டுக் கோபுரத்தடியிலேயே நான் பிடிபட்டேன். "முந்தி இஞ்ச" என்று தொடங்கியதும் குடைகள் என் கைக்கு வந்துவிட்டன. "அண்ணை, உவன் வாயைத் திறந்தால் முந்திதான். குடையளை உவன்ரை கழுத்திலேயே கட்டிவிடுங்கோ" என்றான் பொன்னுத்துரை.

நூலகத்துக்கு முன்னால் நான் பேசவில்லை. நான் பள்ளிக்கூடத்தில் அதிகம் இருந்தவனல்ல. சந்தையில் மூட்டை இறக்கிய வயதில், வேலை முடிந்ததும் அங்கே போய் இருந்துதான் வாசிக்கப் பழகினேன். அது எரிந்தது. திரும்பக் கட்டினார்கள். கட்டிய பிறகு நான் உள்ளே காலடி வைக்கவில்லை. எரித்தவர்கள் மேலிருந்த கோபத்தை அந்தப் புதுச் சுவரிலும் வைத்திருந்தேன். அன்றும் வாசலில்தான் நின்றேன்.

அருளப்பண்ணை என் கையிலிருந்து குடைகள் எல்லாவற்றையும் வாங்கினார். "சொல்லு, தம்பி. குடையளை நான் தூக்கிறன்" என்றார்.

சொன்னேன். எந்த யன்னல், எந்த மேசை, என் கை ஊத்தையைப் பார்த்துக் கழுவிவிட்டு வரச் சொன்ன மனிசன், எல்லாம் சொன்னேன். சட்டம் போட்டவர் குடைகளை அணைத்துக்கொண்டு அவசரப்படாமல் கேட்டார். நான் முடித்ததும், "இப்ப வா. உன்ரை மேசை எங்கை நிண்டதெண்டு காட்டு" என்றார்.

"அது இப்ப இல்லையே, அண்ணை."

"இல்லாத இடத்தைக் காட்டு."

போனோம். நான் சுட்டிய இடத்தில் ஒரு கிழவர் பத்திரிகைக்குப் பின்னால் நித்திரையாக இருந்தார். "உன்ரை இடத்தைப் பிடிச்சிட்டார். சண்டைக்குப் போகாதை" என்று என் காதுக்குள் சொன்னார் அருளப்பண்ணை. அந்தக் கட்டடத்துக்குள் எனக்குச் சிரிப்பு வரும் என்று நான் நினைத்திருக்கவில்லை. இன்று அங்கே நான் வாசகன். இதை எழுதுமுன் அங்கேதான் போய் இருந்துவிட்டு வந்தேன். என்னை எவராலும் மாற்றமுடியாது என்பது என்னை அறிந்தவர்களுக்குத் தெரியும். அவர் வாதாடவே இல்லை, குடையைத்தான் வாங்கினார்.

பின்னேரம் கோட்டை மதிலில் ஏறிக் கடலைப் பார்த்தோம். பிறகு பண்ணைப் பாலத்தில் நின்றோம். வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு பிள்ளை தன்னைப் படம் எடுத்துத் தரும்படி எங்களிடம் கேட்டது. அருளப்பண்ணை எடுத்த படத்தில் அவருடைய பெருவிரல்தான் பெரிதாக விழுந்திருந்தது. அந்தச் சிரிப்பு அடங்கியபின் அவர் சொன்னார்: "நான் செத்தால் நேர் றோட்டால கொண்டு போகாதேங்கோ. ஒருக்கா இப்பிடிச் சுத்திப்போட்டுக் கொண்டு போங்கோ."

"பெட்டிக்குள்ள படுத்துக்கொண்டு என்னத்தைப் பாக்கப் போறியள்?" என்றான் பொன்னுத்துரை.

"நான் பாக்கிறதுக்கில்லை. எனக்குப் பின்னால வாறவை பாக்கட்டும். இல்லாட்டி நீங்கள் இன்னொருக்கால் வரவே மாட்டியள்."

சுற்றியே கொண்டுபோகிறோம் என்று நான் ஓம் சொன்னேன். ஆனால் அவர் சொன்னதுதான் நடந்தது. வெங்காயம், மோட்டர், முழங்கால் நோ என்று ஒவ்வொன்றாகக் குறுக்கே வந்தன. நாங்கள் இன்னொரு முறை போகவில்லை.

செத்தவீட்டில் இதை அவருடைய மகன் றெஜிக்குச் சொன்னேன். கனடாவிலிருந்து ஓடிவந்த நல்ல பிள்ளை. "அங்கிள், அப்பா பகிடிக்குச் சொல்லியிருப்பார். அங்க எல்லாரும் நித்திரை முழிச்சு லைவ் பாக்கினம். சுத்திப் போனால் சிக்னல் நிக்காது" என்றார். மலர்ச்சாலைக்காரர் இடையில் வந்தார்: "ஐயா, எங்களுக்கு அடுத்த செத்தவீடு இருக்கு."

"அடுத்த வீட்டுக்காரர் அவசரப்படமாட்டார், தம்பி" என்றேன்.

அவர்கள் வாகனத்தை எடுத்துவிட்டார்கள். திரும்பி வந்தபின் அருளப்பண்ணையின் மனைவி திரேசம்மா என்னைக் கூப்பிட்டார். "சிவம், அவர் கேட்டது எனக்கும் தெரியும். என்னை ஆர் கேட்டது?" என்றார்.

இனிச் செய்யவேண்டியதைச் சொல்கிறேன். முப்பத்தோராம் நாள் பூசை முடிந்ததும் சாப்பாட்டுக்கு இருக்கக்கூடாது. சாப்பாடு பிறகு. றெஜி அப்பாவின் படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, அன்று நாங்கள் மூவரும் சுற்றிய வழியால் நடக்கவேண்டும். வான் பிடிக்கக்கூடாது, தொலைபேசியைச் சட்டைப்பைக்குள் வைக்கவேண்டும். நடக்கமுடியாத திரேசம்மாவுக்கு மட்டும் ஓட்டோ, அது எல்லாருக்கும் முன்னால் போகவேண்டும். எங்கே நிற்பது, எவ்வளவு நேரம் நிற்பது என்பதை அவர்தான் சொல்லுவார். பொன்னுத்துரை உதிரிப்பாகக் கடைக்குள் போய், ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வரவேண்டும். பூசைக்கு வருகிற நீங்கள் எல்லாரும் நல்ல உடுப்போடு பின்னால் வரவேண்டும். நூலகத்தடியில் எவருக்காவது சொல்ல இருந்தால் சொல்லலாம். பண்ணைப் பாலத்தில் படம் எடுக்க றெஜியை விடவேண்டும், பெருவிரல் விழுந்தாலும் பரவாயில்லை.

நான் இந்தக் கட்டுரை முழுக்க முந்தி நடந்ததைத்தான் சொல்லியிருக்கிறேன். அதனால் குடைகளை என்னிடம் தாருங்கள், மழை வந்தாலும் வராவிட்டாலும். அருளப்பண்ணையின் குடை அவர் வீட்டுக் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. அதைத் திரேசம்மா எடுத்துவரவேண்டும். அதையும் நான்தான் தூக்குவேன்.