மேப்பிளுக்கு வைத்த பொட்டு

இன்னும் சந்தோசம் அடங்காமல்தான் இதை எழுதுகிறேன்.

மோர்னிங்சைட்டில் உள்ள எங்கள் வீட்டின் பின்பக்கம் ஒரு அறை கட்டப்போகிறோம். விண்ணப்பத்தோடு மர அறிக்கையும் வேண்டுமென்று சிற்றி, அதாவது நகரசபை, கேட்டதால், இன்று காலை மர நிபுணர் ஒரு பெண் வந்தார்.

பின்வளவில் நிற்கும் மேப்பிள் மரத்தை வெட்டினால் அறை பெரிதாகும் என்பது என் கணவரின் கட்சி. வெட்டவே கூடாது என்பது என் கட்சி.

அந்தப் பெண் மரத்தைச் சுற்றி வந்து, ஓரிடத்தில் நின்று படம் எடுத்தார். பட்டையில் மஞ்சளும் சிவப்புமாக ஒரு கறை. பூஞ்சணமாக இருக்கலாம், அப்படியென்றால் வெட்டவேண்டி வரலாம் என்றார்.

கணவர் என் காதோடு சொன்னார்: "உது பூஞ்சணமில்லையப்பா. போன கிழமை புதுக் காருக்கு வச்சு மிஞ்சின சந்தனமும் குங்குமமும்."

"வெட்டப்போற மரத்துக்கு ஏனப்பா பொட்டு வச்சனீங்கள்?"

"அதுவும் எங்கட வளவிலதானே நிக்குது."

பிறகு அந்தப் பெண்ணிடமும் அவரே ஆங்கிலத்தில் ஒப்புக்கொண்டார். அந்தப் பெண் நகத்தால் சுரண்டி, மணந்து பார்த்துச் சிரித்தார். மரம் நல்ல சுகமாம். காக்கவேண்டிய மரம் என்றே அறிக்கையில் எழுதுவாராம்.

அறை சின்னதாகிறது. பொட்டு வைத்தவர் இனி வெட்டச் சொல்லி வாய் திறக்கமாட்டார்.

உங்கள் வீட்டில் காருக்கு வைத்து மிஞ்சிய சந்தனம் எங்கே போகிறது?