வேணி பேர்ல எழுதின கட்டி

அருப்புக்கோட்டையில் தறிக்காரர் தெருப் பக்கம் போய், "சௌந்தர் பொஞ்சாதி வேணி வீடு எது?" என்று கேட்டுப் பாருங்கள். வழி சொல்வதற்கு முன்னால், "யாரு, அந்தக் கட்டி எடுத்த பிள்ளையா?" என்பார்கள். அவளுக்கு யாரும் எதையும் எடுக்கவில்லை. அவள் வயிற்றில் கட்டி என்று ஒன்று இருந்ததே இல்லை. ஆனால் இதைச் சூடத்தை அணைத்துச் சொன்னாலும் இன்றைக்கு அந்த ஊரில் நம்புவதற்கு ஆள் கிடையாது.

வேணி பந்தல்குடிக்காரி. அப்பா சௌடப்பன் கூலிக்கு நெய்தவர். இருபத்திநாலு வயசில், அருப்புக்கோட்டையில் நாலு விசைத்தறி ஓட்டுகிற சௌந்தருக்கு வாக்கப்பட்டு வந்தாள். வீட்டுக்குள் கன்னடம், வாசல் தாண்டினால் தமிழ். மாமியார் பாலாமணி, நாத்தனார் தேவிபிரியா, புருசன், அவ்வளவுதான் குடும்பம். தறிச் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசிப் பேசி அந்த மூன்று பேருக்கும் குரல் பெரிசு. வேணி மட்டும் மெதுவாகப் பேசுவாள். அதை முதலில் நல்ல குணம் என்றார்கள். பிறகு அது அவர்களுக்குத் தோதாகவும் போயிற்று.

தேவிக்கு அப்போது இருபத்திரண்டு வயசு. மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். பங்குனிப் பொங்கல் முடிந்த மறு வாரம், அடிவயிற்றில் வலது பக்கம் கல்லைக் கட்டிவிட்ட மாதிரி கனக்கிறது என்றாள். ஓமத்தண்ணி கொடுத்துப் பார்த்தார்கள், மெடிக்கலில் மாத்திரை வாங்கிக் கொடுத்துப் பார்த்தார்கள். கனம் குறையவில்லை. ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாம் என்று வேணிதான் சொன்னாள். அன்றைக்கு அவள் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

கல்யாணமாகாத பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஸ்கேன் சென்டர் பெஞ்சில் உட்கார்ந்தால் ஊர் இரண்டு காரணம்தான் நினைக்கும். ஒன்று, பிள்ளை உண்டாகிவிட்டது. இன்னொன்று, பிள்ளை உண்டாகாது. மூன்றாவதாக வயிற்றில் ஒரு நோவு இருக்கலாம் என்று நினைக்க யாருக்கு நேரம் இருக்கிறது? அவர்கள் சனமோ கொஞ்சம். பெண் கொடுப்பதும் எடுப்பதும் சுற்றி இருக்கிற நாலைந்து ஊருக்குள். இங்கே தும்மினால் திருச்சுழியில் கேட்கும்.

பாலாமணி ஒரு ராத்திரி யோசித்து, காலையில் வழி கண்டுபிடித்துவிட்டாள்.

"விருதுநகருக்குப் போயிருவோம். உம் பேரைக் குடுத்துருவோம் வேணி. உனக்குத்தான் கல்யாணம் ஆயிருச்சே. உம் பேர்ல என்ன இருந்தா யாரு கேக்கப் போறா?"

வேணி அத்தையைப் பார்த்தாள், புருசனைப் பார்த்தாள். சௌந்தர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "பேருதானே வேணி" என்றான். அவளுடைய கால் மெட்டியைக் கழற்றித் தேவிக்குப் போட்டுவிட்டார்கள். கழுத்துக்கு ஒரு மஞ்சக்கயிறு. காதும் காதும் வைத்த மாதிரி மூன்று பெண்களும் பஸ் ஏறினார்கள்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ், "வேணி" என்று கூப்பிட்டதும் வேணி எழுந்துவிட்டாள். பாலாமணி சேலையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். தேவி எழுந்து போனாள். அந்த நிமிசத்தை வேணி பிற்பாடு எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறாள். தன் பேரைக் கூப்பிட்டும் தான் உட்கார்ந்துவிட்டோமே என்று.

டாக்டரம்மா நல்ல மாதிரி. ஸ்கேன் படத்தைக் காட்டி நிதானமாகச் சொன்னார்.

"கர்ப்பப்பை வேற, சினைப்பை வேறம்மா. இது வலது சினைப்பையில. தண்ணி நெறஞ்ச பை. ஒரு சாத்துக்குடி அளவு இருக்கு. ஊருக்குள்ள பிள்ளைகளுக்கு நீர்க்கட்டி, நீர்க்கட்டின்னு சொல்றாங்களே, அது பொடிப்பொடியா நிறைய இருக்கும், மாசாமாசம் வர்றது தள்ளிப்போகும். அது வேற. இது ஒத்தக் கட்டி. பாத்த வரைக்கும் புற்றுநோய் மாதிரித் தெரியல. இந்த மாதிரி கட்டி பல பேருக்குத் தானாவே வத்திரும். ஆறு வாரம் கழிச்சு வாங்க, திரும்பப் பாப்போம். வத்தலைன்னா கட்டியை மட்டும் எடுத்துட்டு சினைப்பையை விட்டுரலாம்."

"பிள்ளை பெறதுக்கு..." என்று பாலாமணி இழுத்தாள்.

"அதுக்கு ஒரு கேடும் இல்ல. ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க. திடீர்னு ஒரு பக்கமா உயிர் போற மாதிரி வலி வந்து வாந்தியும் எடுத்தா, கட்டியோட கனத்துல சினைப்பை முறுக்கிக்கிச்சுன்னு அர்த்தம். ரத்த ஓட்டம் நின்னுரும். அன்னைக்கு, உலை வச்சுட்டு வாரேன், விடிஞ்சதும் வாரேன்னு இருக்கக் கூடாது. அந்த நிமிசமே கொண்டு வந்துரணும்."

வேணி ஒவ்வொரு சொல்லையும் மனசில் வாங்கிக்கொண்டாள். பாலாமணி காதில் விழுந்தது ஒரு கேடும் இல்லை என்பது மட்டும்தான்.

திரும்பி வந்து பஸ்ஸை விட்டு இறங்கினால், தெருமுனையில் கடை வைத்திருக்கிற கஸ்தூரி. "மூணு பேருமா எங்க போயிட்டு வாரீக?" என்று கேட்டாள். பாலாமணி ஒரு மூச்சு கூட யோசிக்கவில்லை. "மருமகளுக்கு வயித்துல கட்டியாம்" என்றாள். பேர் கொடுத்தது காகிதத்தில் மட்டும்தான் என்று நினைத்த வேணி, காலையில் கழற்றிய மெட்டி இல்லாத காலோடு நடுத்தெருவில் நின்றாள். அன்று சாயங்காலமே இரண்டு பேர் வந்து அவளுக்குக் கழற்சிக்காய் மருந்து சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஆறு வாரம் வந்தது, போனது. திருச்சுழியில் காளீஸ்வரன் என்கிற பையன் அமைந்துவிட்டான். கல்யாணம் முடியட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று பாலாமணி தள்ளிவிட்டாள். வைகாசியில் நிச்சயம்.

நிச்சயத்தன்று காலை ஒன்பது மணிக்குத் தேவி பாத்ரூமுக்குள் சுருண்டு விழுந்தாள். இரண்டு தடவை வாந்தி. முகம் சுண்ணாம்பாக வெளுத்துவிட்டது. வேணி ஓடிவந்து, "அத்த, டாக்டரம்மா சொன்ன வலி இதுதான். காரைக் கூப்பிடுங்க" என்றாள். அவள் குரல் உயர்ந்து அந்த வீடு கேட்டது அதுதான் முதல் தடவை.

"பதினோரு மணிக்குச் சம்பந்தி வீட்டாளுக வந்துருவாக. வாசல்ல கோலத்தைப் போட்டுட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடவா? பித்தமா இருக்கும். சோடா குடு."

"முறுக்கிக்கிட்டா அழுகிப்போகும் அத்த."

"நல்ல நாள்ல நாக்குல என்ன வார்த்தை வருது பாரு. உனக்குப் பிள்ளை இல்லைங்கிற வயித்தெரிச்சல்."

பெண்ணைப் பட்டுச்சேலையில் சுற்றி உட்காரவைத்தார்கள். வியர்த்துக்கொட்டியது. தலையைக் குனிந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். பிள்ளைக்கு எவ்வளவு வெட்கம் என்று மெச்சினார்கள். தாம்பூலம் மாற்றி, பந்தி முடிந்து, திருச்சுழி வேன் கிளம்ப நாலு மணி. விருதுநகர் போய்ச் சேர ஐந்து தாண்டிவிட்டது.

பழைய ஃபைல் இருந்தது. வேணி, வயது இருபத்தியேழு. அதே ஃபைலில்தான் எழுதினார்கள். ஆப்பரேசனுக்குப் புருசன் கையெழுத்து வேண்டும் என்றார்கள். சௌந்தர் பேனாவை வாங்கினான். கட்டிய பெண்டாட்டி சுவரோரம் நிற்க, உடன்பிறந்த தங்கச்சிக்குப் புருசன் என்று கையெழுத்துப் போட்டான். கை நடுங்கியதா என்று கேட்காதீர்கள். எழுத்து மணிமணியாக இருந்தது.

டாக்டரம்மா வெளியே வந்தபோது முகத்தில் கோபம். "கருத்துப்போச்சும்மா. சின்னச் சின்ன ஓட்டைதான் போட்டோம், ஆனா சினைப்பையைச் சேத்துத்தான் எடுக்க வேண்டியதாப் போச்சு. காலையிலயே வந்திருந்தா முறுக்கை எடுத்துவிட்டுக் காப்பாத்தப் பாத்திருக்கலாம். படிச்சுப் படிச்சுச் சொன்னேனே." பாலாமணி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "இன்னொண்ணு நல்லா இருக்கு. அது ஒண்ணு போதும், பிள்ளை பெத்துக்கிடலாம்" என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா போய்விட்டார்.

வீட்டுக்கு வருவதற்கு முன்னால் வேணி கையைப் பிடித்துச் சௌடேஸ்வரி அம்மன் பேரில் சத்தியம் வாங்கினாள் பாலாமணி. பெத்த தாயிடம்கூட மூச்சு விடக் கூடாது. பிறகு நடந்த கூத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஆப்பரேசன் ஆனது வேணிக்கு என்றல்லவா ஊருக்குச் சொல்லியாயிற்று? அதனால் வேணி கட்டிலில் போர்த்திப் படுத்தாள். தையல் போட்ட பிள்ளை உள் அறையில் பாயில் படுத்தது. பார்க்க வந்தவர்கள் ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் வேணி தலைமாட்டில் வைத்துவிட்டுப் போனார்கள். கதவைச் சாத்தியதும் வேணி எழுந்து அதைக் கலக்கித் தேவிக்குக் கொடுத்தாள். பந்தல்குடியிலிருந்து அப்பா வந்தார். மகளுடைய பாதத்தைப் பிடித்துக்கொண்டு குலுங்கி அழுதார். அவள் வாயைத் திறக்கவில்லை. அந்த ஒரு நாளுக்காகவாவது அந்த வீடு அவள் காலில் விழவேண்டும்.

ராத்திரியில் தேவி மட்டும் சொல்வாள். "கல்யாணம் முடியட்டும் மதினி. எல்லார்ட்டயும் நானே உண்மையச் சொல்லிருவேன்."

ஆவணியில் கல்யாணம் முடிந்தது. தேவி சொல்லவில்லை.

வேணிக்கு அதற்குப் பிறகும் பிள்ளை உண்டாகவில்லை. சௌந்தரை ஒரு டாக்டரிடம் காட்டலாம் என்று ஒரு வாய் சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும், காரணம்தான் ஃபைலில் இருக்கிறதே. சொந்தக்காரர்கள் வந்து, "ஒத்த மகனை வச்சுக்கிட்டு வம்சத்துக்கு என்ன செய்யப் போற பாலாமணி?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். முதலில் அவள் பேச்சை மாற்றினாள். அப்புறம் பெருமூச்சு விட்டாள். ஒரு நாள், "எனக்கும் அதான் கவலை" என்று சொல்லிவிட்டாள். தான் கட்டிவிட்ட பொய் என்பது அவளுக்கே மறந்துபோயிற்றோ, மறந்த மாதிரி இருப்பது வசதியாக இருந்ததோ, அம்மனுக்குத்தான் தெரியும். மல்லாங்கிணறிலிருந்து ஒரு பெண்ணின் ஜாதகம் வீட்டுக்கு வந்தது. சௌந்தருக்கு இரண்டாம் தாரமாக.

வேணி தன்னந்தனியாகக் கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்குப் போய் ஸ்கேன் எடுத்தாள். இரண்டு சினைப்பையும் இருக்கிறது, நன்றாக இருக்கிறது என்று காகிதம் கொடுத்தார்கள். சௌந்தரிடம் நீட்டினாள். "எனக்குத் தெரியாதா? இதை ஊர் பூராம் காட்டித் தேவி வாழ்க்கையக் கெடுக்கவா?" என்றான். "அப்ப என் வாழ்க்கை?" என்று கேட்டாள். அவன் தறியைப் போட்டுவிட்டான். சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. காகிதத்தைப் பாலாமணி அடுப்பில் வைத்தாள்.

அந்த நேரத்தில்தான் தேவி முழுகாமல் இருக்கிறாள் என்று செய்தி வந்தது. உண்மையாகவே சந்தோசப்பட்டவள் வேணிதான். ஒரு சினைப்பை போதும் என்று டாக்டரம்மா சொன்னது பலித்துவிட்டது, இனி இந்தப் பிள்ளைக்கு என்ன பயம், இனிச் சொல்லிவிடுவாள் என்று நம்பினாள். போன் போட்டுக் கேட்டாள். "வளைகாப்பு முடியட்டும் மதினி" என்றாள் தேவி.

மறு வருசம் ஐப்பசியில் திருச்சுழியில் வளைகாப்பு. அருப்புக்கோட்டையிலிருந்து ஒரு வேன் நிறையப் பெண்கள். தேவி ஏழு மாத வயிற்றோடு நாற்காலியில் அம்சமாக உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொருத்தியாகச் சந்தனம் பூசி வளையல் போட்டார்கள். வேணியும் சந்தனக் கிண்ணத்தில் விரலை வைத்தாள்.

தேவியின் மாமியார் ராக்கம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ வேண்டாந்தாயி. மனசுல வச்சுக்கிடாத. எடுத்துப்போட்ட வயிறு, பிள்ளைத்தாச்சிக்கு ஆகாதும்பாக."

வேணி பாலாமணியைப் பார்த்தாள்.

"உள்ள போயி புளிச்சோத்தை எடுத்து வை, வேணி" என்றாள் பாலாமணி.

இத்தனை வருசமாக மெதுவாகப் பேசியவள் அன்றைக்குக் கூடத்தின் நடுவில் நின்றாள். முந்தானையை விலக்கிக் கொசுவத்தை இறக்கி வயிற்றைக் காட்டினாள். "எனக்கு யாரும் எதையும் எடுக்கல. பாருங்க. ஒரு கீறல் இருக்கா?"

கஸ்தூரிதான் கிட்டத்தில் வந்து குனிந்து பார்த்தாள். பார்த்துவிட்டுப் பரிவாகவே சொன்னாள். "இப்பல்லாம் கத்தி வச்சா அறுக்காக? ஓட்டை போட்டுல எடுக்காக. எங்க அக்காவுக்குப் பித்தப்பைய எடுத்தாக, ஒரே வருசம், எடுத்த இடமே தெரியல. தழும்பு இல்லைன்னா எடுக்கலைன்னு ஆயிருமாத்தா?"

"ஆப்பரேசன் ஆனதுலருந்து பாவம், புத்தி ஒரு நிலையில இல்ல" என்றாள் பாலாமணி, சேலையை இழுத்து மருமகள் வயிற்றை மூடிக்கொண்டே. சுற்றி நின்றவர்கள் உச்சுக்கொட்டினார்கள்.

வேணி அவள் கையைத் தட்டிவிட்டாள். "தேவி, நீ சொல்லு."

தேவி நிமிர்ந்தாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. மதினியை ஒரு தடவை பார்த்தாள், மாமியாரை ஒரு தடவை பார்த்தாள். பிறகு ராக்கம்மாளிடம் இடது கையை நீட்டி, "இந்தக் கைக்கு இன்னும் போடலியே அத்த" என்றாள்.