நிறம் போய்ச் சேராத நெற்றி

“…பல்பம் தின்னவ பெத்த பிள்ள பின்ன எப்படிட்டி இருக்கும்? எங்க வம்சத்துல ஒருத்தர் தலையிலயும் இப்படிக் கிடையாது!”

போன வாரம் தென்காசியில் ஒரு கடையில் ஆதார் அட்டையை நகலெடுத்து வாங்கினேன். தாள் இளஞ்சூடாகக் கைக்கு வந்தது. கூடவே லேசாகக் கருகிய அந்த வாசனை. அவ்வளவுதான், அண்ணாச்சியின் குரல் பாதிப் பேச்சிலிருந்து காதுக்குள் கேட்கத் தொடங்கிவிட்டது.

கல்யாணமான புதிதில் நான் அண்ணாச்சியின் ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தேன். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துக் கடை என்பதால் நர்சிங் படிக்கிற பிள்ளைகள் நோட்டு நோட்டாகக் கொண்டுவந்து குவிப்பார்கள். நான் படித்தது பத்தாம் வகுப்பு. அதிலும் மனித உடலில் அந்தப் பாடம் வந்ததும், “வீட்ல போய் வாசிச்சுக்கோங்க” என்று டீச்சர் இரண்டு பக்கத்தைச் சேர்த்துத் திருப்பிவிட்டார். டீச்சர் தாண்டிப் போன பக்கங்களை எல்லாம் மெஷினின் பச்சை வெளிச்சத்தில் நின்றுகொண்டேதான் படித்தேன். அப்போது நான் மாசமாக வேறு இருந்தேன். பாடம் கையில், பரீட்சை வயிற்றில்.

நாம் எல்லோரும் ஒரு நாள் முற்றுப்புள்ளியைவிடச் சின்னதாய் இருந்தோம் என்று படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. பாதி அம்மா கொடுத்தது, பாதி அப்பா கொடுத்தது. அந்தப் புள்ளி இரண்டாகி, நாலாகி, கொத்தனாரும் மேஸ்திரியும் இல்லாமல் ஒரு வீடு எழும்புகிறது. ஒவ்வொரு செல்லுக்குள்ளும் முழு நோட்டும் இருக்கிறதாம். கண் தன் பக்கத்தை மட்டும் திறந்து படிக்கும், குதிகால் தன் பக்கத்தை மட்டும். நான் நகலெடுத்தால் பத்துத் தாளுக்கு ஒரு தாள் கோணலாக விழும். “வயித்துல இருக்கது யாரைக் கேட்டு வளருது?” என்று எங்கள் தெருவில் ஒரு சொலவடை உண்டு. அதை நான் கேலிப் பேச்சு என்றே நினைத்திருந்தேன். அன்றைக்கு அது கும்பிடவேண்டிய பேச்சாகத் தெரிந்தது.

பல்பத்துக்கு வருகிறேன். மாசமாக இருந்தால் சிலருக்கு மாங்காய், சிலருக்குத் திருநீறு. எனக்குச் சிலேட்டில் எழுதுகிற பல்பம். அண்ணாச்சி கடையிலேயே டப்பா இருந்தது, வினை வேறெங்கிருந்து வரவேண்டும்! அவருடைய மருமகள் செல்வியும் அப்போது மாசம்தான். புருஷன் மஸ்கட்டில். மாமியார் காலமாகி வெகுநாளாயிற்று. மத்தியானம் மாமனாருக்குச் சோறு கொண்டுவருபவள் என் பக்கத்தில் உட்கார்ந்து, அதே டப்பாவிலிருந்து கறுக் கறுக்கென்று கடிப்பாள். “ரத்தம் கொறைஞ்சா இப்படித்தான் கேக்கும், மாத்திரைய முழுங்குங்க, பல்பத்த விடுங்க” என்று டாக்டரம்மா எங்கள் இருவரையும் திட்டியதும் உண்டு.

அண்ணாச்சி அருமையான மனுஷன். ஒரே ஒரு விசித்திரம், தென்காசியில் பிறந்தும் குற்றாலத்தில் தலை நனைக்கமாட்டார். சீசனில் ஊரே துண்டால் தலை துவட்டிக்கொண்டு திரியும். இவர் மட்டும் படிய வாரிய தலையோடு கல்லாவில் இருப்பார். “அருவித் தண்ணி பட்டா எனக்குச் சளி பிடிச்சிரும்” என்பார். அந்த வயதிலும் முன்முடி மட்டும் ஒரு நரை இல்லாமல் மையாகக் கறுத்திருக்கும். “என்ன டை அண்ணாச்சி?” என்று கேட்டால், “டை பட்டா மூஞ்சி வீங்கிரும்ட்டி எனக்கு” என்பார். அது பொய்யே இல்லை.

செல்வி கீழப்பாவூரில் தாய்வீட்டில் பெண்பிள்ளை பெற்றாள். தங்க விக்கிரகம். முன் நெற்றிக்கு மேலே மட்டும் ஒரு கொத்து முடி, பருத்தி வெடித்த மாதிரி வெள்ளை. கீழே நெற்றித் தோலிலும் ஒரு வெளுப்பு. பார்த்துவிட்டு வந்த அண்ணாச்சி கடையில் நின்று கத்தியதுதான் மேலே சொன்னது.

“அப்போ நானும் அதே டப்பாவுலதான தின்னேன் அண்ணாச்சி. எனக்கும் வெள்ளையாப் பிறக்குமோ?”

“நீ வாய மூடிக்கிட்டு மெஷினப் பாரு.”

(என் மகன் தார் பூசியது போன்ற தலையோடு பிறந்தான். ஆனால் அது பிறகு நடந்தது. அன்றைக்கு எனக்கு உள்ளூர உதறல்தான்.)

செல்வி பிள்ளையை டாக்டரிடம் காட்டிவிட்டு எனக்கு போன் பண்ணினாள். “ஒண்ணும் பயமில்லயாம்க்கா. குஷ்டமும் இல்ல, ஒட்டுறதும் இல்ல. பெரும்பாலும் குடும்பத்துல இறங்கி வாரதாம்” என்றாள். நிறம் தருகிற செல்கள் கரு சின்னதாய் இருக்கும்போதே முதுகுப் பக்கமிருந்து புறப்பட்டு, இரண்டு பக்கமாகவும் சுற்றி நடந்து முன்னால் வருமாம். நடு நெற்றியும் வயிறும்தான் அதுகளுக்குக் கடைசி ஊர். சில குடும்பத்தில் அந்த நடை அங்கே எட்டாமல் நின்றுவிடுகிறது. இரவு பஸ் தென்காசிவரை வராமல் ஆலங்குளத்தோடு நின்றுவிடுகிற மாதிரி என்று நான் நினைத்துக்கொண்டேன். போனை வைத்த பிறகும் என் வயிற்றைத் தொட்டபடியே உட்கார்ந்திருந்தேன். உள்ளே எதெல்லாம் எங்கிருந்து எங்கே நடந்து போய்க்கொண்டிருந்ததோ!

குடும்பத்தில் இறங்கி வருவது என்றதும் அண்ணாச்சி பல்பத்தை விட்டுவிட்டு வேறு பிடித்துக்கொண்டார். “அப்போ அவங்க பக்கத்துலதான் எவனோ மறைச்சுப் பொண்ணு குடுத்திருக்கான். ஒத்துக்கிடட்டும். அதுக்குப் பொறவுதான் தாயும் பிள்ளையும் என் வீட்டுப் படி ஏறணும்.” பிள்ளையை அழைத்துவர நாள் குறித்திருந்தது, அதையும் தள்ளிவிட்டார். மஸ்கட்டிலிருந்து மகன் போனில் அழுதான். செல்வி அழக்கூட இல்லை. “எங்க அப்பா ஒவ்வொரு சொந்தக்காரன் தலையா பாத்துக்கிட்டு அலையுதாருக்கா” என்றாள்.

அன்று முழுக்க என் மண்டைக்குள் அந்தக் கடைசி ஊர்தான் ஓடியது. நெற்றி, வயிறு. வயிறு! செல்வியின் புருஷனுக்கு வயிற்றில் உள்ளங்கை அகலம் ஒரு வெள்ளை உண்டு. சின்னப் பிள்ளையில் வெந்நீர் கொட்டிய தழும்பு என்று வீட்டில் சொல்லுவார்களாம், முன்பு எப்போதோ செல்வி சொல்லியிருந்தாள். எனக்கு வாய் நிற்குமா?

“அண்ணாச்சி, வெந்நீர் கொட்டுனா தோல் சுருங்கும்லா. உங்க மகன் வயித்துல இருக்கது வழவழன்னு இருக்குன்னு செல்வி சொல்லுதா.”

அவர் கையில் ஒரு கட்டுத் தாள் இருந்தது. அதைத் தட்டி அடுக்கினார். அடுக்கியதையே மறுபடி அடுக்கினார். “மூளைய நர்சிங் நோட்டுல தொலைச்சிட்ட” என்றார். குரலில் சத்தம் இல்லை.

மறுநாள் கடை திறக்கவில்லை. அண்ணாச்சி ஆட்டோவோடு என் வீட்டு வாசலில் நின்றார். “ஏட்டி, குத்தாலம் வரைக்கும் வா. நீயும் பாக்கணும்.” கையில் ஒரு சீயக்காய்ப் பொட்டலம். கீழப்பாவூருக்கும் சொல்லி அனுப்பியிருந்தார். மெயினருவியின் முன்னால் செல்வியும் அவள் அப்பாவும் சாரலில் ஒடுங்கி நின்றார்கள். பிள்ளையைத் துணியால் தலைவரை மூடியிருந்தார்கள். உறவை முறித்துவிடத்தான் கூப்பிட்டிருக்கிறார் என்று அவர்கள் நினைத்தது முகத்தில் தெரிந்தது. எனக்கும் அதே பயம்தான்.

அண்ணாச்சி சட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். சீயக்காயை முன்முடியில் அப்பினார். ஆண்கள் கூட்டத்துக்குள் நுழைந்து, வாழ்நாளெல்லாம் ஒதுங்கி நின்ற தண்ணீருக்குக் கீழே தலையைக் கொடுத்தார். அருவி அவரை மறைத்துவிட்டது. வெளியே வந்தபோது நெற்றியிலிருந்து மூக்குவரை கறுப்பாய் ஒரு கோடு வழிந்துகொண்டிருந்தது. அதற்கு மேலே ஒரு கொத்து முடி, பருத்தி வெடித்த மாதிரி. பிள்ளைக்கு இருந்த அதே இடத்தில், அதே சாய்வில்.

“எங்கம்மைக்கும் இருந்துச்சு” என்றார். “வெண்குஷ்டம்னு சொல்லி யாரும் பொண்ணு தரமாட்டாங்கன்னு, எனக்கு அவளேதான் விளக்குக் கரிய எண்ணெயில கொழச்சுத் தடவி விடுவா. பொறவு நானே தடவ ஆரம்பிச்சேன்.”

தாய், மகன், பேரன், கொள்ளுப்பேத்தி. நெற்றியிலும் வயிற்றிலுமாக மாறி மாறித் தலைகாட்டிக்கொண்டு, கரிக்கும் பொய்க்கும் அடியில் அது பாட்டுக்கு நடந்து வந்திருக்கிறது.

இப்போது அந்தக் கடை இருந்த இடத்தில் செல்போன் உறைகள் தொங்குகின்றன. சிலேட்டும் போயிற்று, பல்பமும் போயிற்று, அண்ணாச்சியும் போய்விட்டார். செல்வியின் மகள் அந்த வெள்ளைக் கொத்தை முன்னால் எடுத்து விட்டுத்தான் கல்லூரிக்குப் போகிறாள். “இப்படி வர எவ்ளோ செலவாச்சுன்னு கேக்காளுவ” என்று சிரிக்கிறாள். அந்த வீட்டில் மை குழைக்கிற வேலை அன்றைய தண்ணீரோடு போயிற்று.

அன்று நான் நீட்டிய துண்டை அண்ணாச்சி வாங்கவில்லை. நேரே செல்வியின் அப்பாவுக்கு முன்னால் போய், அந்த வெள்ளை நன்றாகத் தெரியும்படி தலையைக் குனிந்து நின்றார். பிறகு ஈரக் கையைக் காற்றில் உதறிவிட்டு, பிள்ளைக்காக இரண்டு கையையும் நீட்டினார்.