அம்மா நிறுத்திய கச்சேரி

அம்மாவின் வயலின் பெட்டியைத் திறந்தால் கராம்பும் மிளகும் மணக்கும். வில்லுக்குப் பூசுகிற குங்கிலியத்தின் வாசத்தையும் மீறி மூக்கில் ஏறும் அந்தக் காரம் பெட்டிக்குள் எப்படி வந்தது என்று சொல்ல வேண்டுமானால், எனக்குப் பத்து வயதாக இருந்தபோது வந்த ஒரு நவராத்திரியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லத் தொடங்கினாலே இன்றைக்கும் எனக்குக் காது சூடேறிவிடுகிறது.

என் அம்மா மரகதம் யட்டவத்தப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் "லயத்தில்", தொழிலாளர்களுக்கென வரிசையாகக் கட்டிவிட்ட ஒற்றை அறை வீடுகளில் ஒன்றில் பிறந்தவள். தாயும் தகப்பனும் சீக்கிரமே போய்விட, அக்கா செல்லாயிதான் அவளை வளர்த்தாள். கோயில் திருவிழாவுக்கு வந்த வயலின்காரரின் பின்னாலேயே ஊர்வலம் முழுக்கத் தங்கை நடந்துபோனதைப் பார்த்த என் பெரியம்மா, கொழுந்து பறித்த கூலியில் அவளை மாத்தளை டவுனுக்கு வகுப்புக்கும், பிறகு யாழ்ப்பாணத்துக்குப் படிக்கவும் அனுப்பினாள். "கூடைய நான் சுமக்கிறேன், நீ பொட்டியச் சுமந்துக்கிட்டு போ" என்பாளாம். அம்மா வானொலியில் வாசித்தாள்; கொழும்பு மேடைகளில் வாசித்தாள்; மாத்தளைப் பாடசாலையொன்றில் சங்கீத டீச்சரானாள். கச்சேரிகளெல்லாம் அழைப்பிதழ் கிடைத்தவர்களுக்கு மட்டுமே என்பதால் பெரியம்மா அவளை மேடையில் ஒருநாளும் பார்த்ததில்லை.

ஆகையால் டவுன் சங்கீத சபைக்காரர்கள் அந்த நவராத்திரிக்கு வாசிக்கக் கேட்டு வந்தபோது, தோட்டத்து ஆட்களையும் உள்ளே விட வேண்டும் என்று அம்மா நிபந்தனை போட்டாள். செயலாளர் பல் தெரியச் சிரித்து, "அதுக்கென்ன டீச்சர், தாராளமா வரட்டும்" என்றார். அந்த வார்த்தையை நம்பி அம்மா லயம் லயமாகப் போய் அழைத்தாள். கடைசியாகப் பெரியம்மாவின் வாசலில் நின்று, "அக்கா, நீ முன்னுக்கு வந்து குந்தணும்" என்றாள். பெரியம்மா தன் கலியாணச் சேலையை எடுத்து வெயிலில் போட்டாள்.

அன்றைக்கு மாலை முன்வரிசையில் சபைக்காரர்களின் குடும்பங்கள் பட்டும் பவுடருமாக உட்கார்ந்திருந்தன. எனக்குப் பின்னால் மண்டபத்தின் பாதி வெறும் நாற்காலிகள். மேடையில் சுருதி சேர்த்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தாள். இன்னொரு தரம் பார்த்தாள். பிறகு ஒலிபெருக்கியிலேயே கேட்டாள்: "எங்க ஆளுக எங்க?"

செயலாளர் மேடையோரம் ஓடிவந்தார். "கேட்டுக்கு வெளிய நிக்கிறாங்க டீச்சர். சேத்துக் காலோட வந்திருக்காங்க. அங்கேயே கேக்கட்டும். இதெல்லாம் அவங்களுக்கு வெளங்கவா போகுது? நீங்க தொடங்குங்க."

தாழ்ந்த குரலில்தான் சொன்னார். ஒலிபெருக்கி அதை மண்டபம் முழுக்கக் கொண்டுபோனது. முன்வரிசையில் ஒருவரும் தலைகுனியவில்லை. ஒரு பெண் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கப் போவதுமில்லை.

அம்மா வயலினைப் பெட்டிக்குள் வைத்தாள். "என்னைய வளத்த காலும் அந்தச் சேத்துக் காலுதாங்க" என்று சொல்லிவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு நடு வழியாக வெளியே நடந்தாள்.

நாங்கள் கேட்டை அடைந்தபோது மழை கொட்டத் தொடங்கியிருந்தது. பாதிப் பேர் போய்விட்டிருந்தார்கள். பெரியம்மாவும் அங்கே இல்லை. "செல்லாயி அக்கா, 'நான் அவளோட அக்கா'ன்னு சொல்லிப் பாத்துச்சு டீச்சர். காவக்காரன் சிரிச்சான். அதோட திரும்பிப் பாக்காம போயிருச்சு" என்றாள் ஒருத்தி.

தெருவுக்கு அந்தப் பக்கம் வாசனைத் திரவியக் கடை வைத்திருந்த ஹமீது நானா குடையோடு ஓடிவந்தார். "மழையில நிக்க வாணாம் டீச்சர், ஸ்டோருக்குள்ள வாங்க. சபைக்காரங்க கேட்டா நான் பேசிக்கிறன்." மிளகு மூட்டைகளை ஒதுக்கி இடம் செய்து கொடுத்தார். கராம்பு உலர்த்தும் சாக்கின்மேல் சம்மணமிட்டு, நனைந்த சேலையோடு அம்மா வாசித்தாள். குழந்தைகள் மூட்டைகள்மேல் ஏறி உட்கார்ந்தார்கள்; சிந்திய கராம்பும் மிளகும் திறந்து கிடந்த வயலின் பெட்டிக்குள் உதிர்ந்தன. "இன்னொன்னு, டீச்சர்" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள், அந்த "வெளங்காத" ஆட்கள்.

மறுநாள் பெரியம்மாவின் லயத்துக்குப் போனோம். கதவு திறக்கவில்லை. உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது: "அடுப்பு எரியுது, போ மரகதம். கேக்கத்தான் கூப்புடுறேன்னு நெனச்சேன். கேட்டுல நிக்க வைக்கவா கூப்புட்ட?"

அம்மா அழைத்த அழைப்புக்குக் கிடைத்த கூலி அதுதான். சபை அவளை அதற்குப் பிறகு கூப்பிடவில்லை. "திமிர் பிடிச்சவ" என்று ஊரெல்லாம் சொல்லிக் கோயில் கச்சேரிகளையும் நிறுத்தியது. அவள் தோட்டங்களின் "பெரட்டுக்களங்களில்", காலையில் ஆள் எடுக்கும் அந்த முற்றங்களில், ஆஸ்பத்திரி வார்டில், அலுவிகாரை பஸ் நிற்குமிடத்தில் என்று கேட்கக் காது உள்ள இடங்களிலெல்லாம் சாகும்வரை வாசித்தாள். யட்டவத்தப் பக்கம் போகும்போதெல்லாம் அக்காவின் மூடிய கதவுக்கு முன்னாலும் ஒரு பாட்டு வாசித்துவிட்டுத்தான் வருவாள். கதவு திறக்கவே இல்லை. பெரியம்மா செத்த அன்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள்: "நீங்க வாசிக்கிறப்போ கதவுக்கு அந்தப் பக்கம் ஒட்டிக் குந்தியிருக்கும் டீச்சர்." அம்மா அழுததை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

இன்று ஹமீது நானாவின் ஸ்டோர் இருந்த இடத்தில் கைப்பேசிக் கடை இருக்கிறது. பெரியம்மாவின் லயம் கூரை பறந்து புல் மண்டிக் கிடக்கிறது. சபையோ குளிரூட்டிய புதுமண்டபம் கட்டி, சுவரில் என் அம்மாவின் படத்தை மாட்டியிருக்கிறது. போன நவராத்திரிக்கு விளக்கேற்ற என்னை அழைத்தார்கள். பழைய செயலாளரின் மகன் பேசினார்: "எல்லா மக்களுக்கும் இசையைக் கொண்டு சென்ற அம்மையாரை உருவாக்கியது இந்தச் சபை."

நான் விளக்கேற்றவில்லை. ஒலிவாங்கியைக் கையிலெடுத்து, "அவளை உருவாக்கியவள் பெயர் செல்லாயி. அந்தச் செல்லாயியை இந்தச் சபை கேட்டுக்கு வெளியே நிறுத்தியது" என்று தொடங்கினேன். ஒலிபெருக்கியை அணைத்தார்கள். முழுவதையும் என் சொந்தக் குரலில் சொல்லி முடித்துவிட்டுத்தான் மேடையைவிட்டு இறங்கினேன்.