ஒரு நூல் கூட்டி அறுத்தவள்

நாற்காலி என்று ஒன்று இருந்தால் அது சுவரை இடிக்கத்தான் செய்யும். உட்கார்ந்தவர் எழுந்திருப்பார், நாற்காலி பின்னால் போகும், சுவரில் ஒரு கீறல் விழும். ஆறு மாதத்தில் புதுச் சுவருக்குச் சிரங்கு பிடித்துவிடும். அதனால்தான் நாற்காலியின் முதுகு முட்டும் உயரத்தில் அறையைச் சுற்றி மரப்பட்டை அடிக்கிறார்கள். தொழிலில் அதற்குப் பீடிங் என்று பெயர். பார்க்கிறவர்கள் அழகுக்கு என்று நினைத்துக்கொள்வார்கள். அடி வாங்கத்தான் அது அங்கே இருக்கிறது என்பது அடித்தவர்களுக்குத் தெரியும்.

அவளும் அவள் வீட்டுக்காரரும் இருபத்திரண்டு வருஷம் பீடிங் அடித்தார்கள். இது ஜோடியாகச் செய்கிற வேலை. ஒருவர் அறைக்குள் டேப் பிடித்து அளவு சொல்ல வேண்டும். இன்னொருவர் வெளியே, தூசி பறக்கிற இடத்தில், மேசை போட்டு அறுக்க வேண்டும். அளந்தது அவர், அறுத்தது அவள். ஆகவே கல்யாண வாழ்க்கையில் பாதி நேரம் அவளுக்குக் கணவர் என்பவர் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரும் குரல்தான். "பத்தடி மூணு இஞ்ச் ரெண்டு நூல்!" என்று குரல் வரும். இஞ்சில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல். அவள் வாயைத் திறந்து பதில் சொன்னதில்லை. அவளுக்குப் பதிலாக ரம்பம் பேசும்.

வேலை நடக்கும் இடங்களில் அவருக்கு 'அளவுக்காரர்' என்று பெயர். அதைக் கேட்டால் மனுஷனுக்குத் தலைகால் புரியாது. கோபமோ எப்போதும் மூக்கு நுனியில் இருக்கும். மூன்றாவது வருஷம் ஒருநாள் அவருடைய டேப் ஏணி மேலிருந்து விழுந்து, நுனியில் இருக்கும் கொக்கி வெளிப்பக்கமாக வளைந்துவிட்டது. வளைந்த கொக்கி முதலில் போய்ச் சுவரில் முட்டிக்கொள்ள, அவர் சொன்ன அளவெல்லாம் ஒரு நூல் குறைந்தது. மூலைக்கு மூலை இடைவெளி.

"கவனம் எங்கம்மா இருக்கு உனக்கு? சொன்ன அளவுக்கு அறுக்கத் தெரியாதா?" என்று நாலு பேர் முன்னால் குதித்தார்.

அவர் சாப்பிடப் போன நேரத்தில் அவள் டேப்பை எடுத்து, மேசையில் பதித்திருந்த இரும்பு ஸ்கேலோடு வைத்துப் பார்த்தாள். விஷயம் புரிந்தது. சொல்லியிருக்கலாம்தான். சொன்னால் அன்றைக்கு இரண்டு பேருக்கும் சோறு இறங்காது. அதனால் மறுநாளிலிருந்து அவர் சொன்னதோடு ஒரு நூல் கூட்டி அறுத்தாள். பட்டைகள் அச்சடித்தாற்போல் உட்கார்ந்தன. "பாத்தியா? கவனமா அறுத்தா எப்படி வருது!" என்றார் அவர். அவள் தூசி தட்டுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பு பத்தொன்பது வருஷம் அவளிடம் பத்திரமாக இருந்தது.

போன வருஷம் மார்வலி என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

பிள்ளை குட்டி கிடையாது. வீட்டில் பேச ஆள் இல்லை. ஒருநாள் கடையில் சோப்பு கேட்க வாயைத் திறந்தபோது குரல் கரகரவென்று வந்தது. முந்தின நாள் முழுக்க ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. திட்டக்கூட ஆளில்லாத வீடு எவ்வளவு பெரிதாகிவிடுகிறது!

வேலைக்குத் திரும்பலாம் என்று காண்ட்ராக்டரிடம் போனாள்.

"தப்பா நினைக்காதீங்கக்கா, ஜோடி இல்லாம இந்த வேலை ஆகாது. பெயிண்டருங்க கூட உப்புத்தாள் தேய்க்கிறீங்களா?" என்றான் அவன்.

"ஒரு ரூம் குடுத்துப் பாரு தம்பி. சரியா வரலைன்னா நானே உப்புத்தாளைக் கையில எடுத்துக்கறேன்."

ஒரு பல் டாக்டரின் காத்திருப்பு அறையைக் கொடுத்தான். நாலு சுவர். சுவருக்கு ஒன்றாக நாலே நாலு பட்டை, உபரி கிடையாது.

அவள் அவருடைய டேப்பை எடுத்துக்கொண்டு போனாள். உள்ளே போய் அளந்தாள், மறக்காமல் இருக்க முணுமுணுத்துக்கொண்டே வெளியே வந்தாள், வழக்கம்போல ஒரு நூல் கூட்டி அறுத்தாள். பட்டையைச் சுவரில் வைத்தாள். உட்காரவில்லை. இரு முனையும் மூலையில் முட்டிக்கொண்டு, நடுவில் வயிறு தள்ளி நின்றது. கொஞ்சம் சீவலாம் என்று மறுபடி அறுத்ததில் ரம்பம் சறுக்கி, அரை இஞ்ச் போய்விட்டது. ஒரு பட்டை பாழ். அடுத்த சுவருக்குப் போய்க் கவனமாக அளந்து, அதற்கும் ஒரு நூல் கூட்டி அறுத்தாள். அதுவும் வயிறு தள்ளியது.

பதினொரு மாதத்தில் தொழில் கையை விட்டுப் போய்விட்டதா? இனிமேல் பாழாக்க மரம் இல்லை. பெயிண்டர்கள் நடைபாதையில் சரக் சரக் என்று உப்புத்தாள் தேய்க்கிற சத்தம் கேட்டது. நாளை முதல் அவளும் அங்கேதான்.

கடைசியாகத் தோன்றியதைச் செய்தாள். டேப்பைக் கொண்டுபோய் இரும்பு ஸ்கேலோடு வைத்தாள். கோட்டுக்குக் கோடு பொருந்தியது. ஒரு மயிரிழை வித்தியாசமில்லை.

கொக்கியைத் திருப்பிப் பார்த்தாள். அது வளைந்தே இல்லை. இரண்டு பக்கமும் குறடு கடித்த தடம். அந்தத் தடத்துக்குள் துருவே ஏறியிருந்தது. எப்போதோ, பல வருஷங்களுக்கு முன்னால், அவரே நிமிர்த்தியிருக்கிறார்.

நிமிர்த்தினவர் சரியான அளவைச் சொல்லியிருந்தால், அவள் கூட்டி அறுத்ததெல்லாம் அன்றிலிருந்து ஒரு நூல் நீளமாக வந்திருக்க வேண்டுமே? அப்படி நீளமாக வந்தது ஒரே ஒரு நாள், ஒரு வக்கீல் வீட்டுக் கூடத்தில். ஐந்து பட்டையும் நீளம். குதிக்கப் போகிறார் என்று அவள் பயந்து நின்றாள். அவரோ மூலையைப் பார்த்து உட்கார்ந்து ஒவ்வொன்றாக இழைத்துச் சரிசெய்தார். காது மட்டும் சிவந்திருந்தது. அதற்குப் பிறகு ஒருநாளும் நீளமாக வரவில்லை. அன்றிலிருந்து அவர் ஒரு நூல் குறைத்தே சொல்லிக்கொண்டு வந்திருக்கிறார். அவள் கூட்டுவாள் என்று தெரிந்தே.

"அடப்பாவி மனுஷா" என்றாள். சொல்லும்போதே அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இத்தனை வருஷம் அவருக்குத் தெரியாமல் தான் மட்டும் சிரித்ததாக அல்லவா நினைத்திருந்தாள்! சுவருக்கு அந்தப் பக்கம் அவரும் சிரித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். அதைச் சொல்லிச் சண்டை போட, உலகத்தில் இருந்தது ஒரே ஒரு ஆள். அந்த ஆளும் இப்போது இல்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, வயிறு தள்ளிய பட்டையில் ஒரு நூலை மெல்ல இழைத்தாள். உட்கார்ந்தது. மற்ற இரண்டு சுவருக்கும் கூட்டாமல் அறுத்தாள். அவையும் உட்கார்ந்தன. முதல் சுவர் மட்டும் வெறுமனே நின்றது.

சாயங்காலம் வந்த காண்ட்ராக்டர் மூலைகளை விரலால் தடவிப் பார்த்தான். நகம்கூட நுழையவில்லை. பாழான பட்டையைக் கண்டும் காணாததுபோல், வண்டியிலிருந்து வேறொன்றை எடுத்து வந்து சாய்த்து வைத்தான்.

"மிச்சத்தை முடிச்சிருங்கக்கா. அடுத்த வாரம் மாடியில ரெண்டு ரூம் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அவள் உள்ளே போய்க் கொக்கியைச் சுவரில் முட்டிக்கொடுத்து அளந்தாள். ஒன்பதடி ஒரு இஞ்ச் ஐந்து நூல். சரக் சரக் சத்தம் நின்றிருந்தது. பெயிண்டர்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். கட்டடத்தில் அவளைத் தவிர யாருமில்லை. வாசல் பக்கம் திரும்பி, வெளியே மேசை வரைக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னாள்.

"ஒம்பதடி ஒரு இஞ்ச் நாலு நூல்!"

பிறகு வெளியே வந்து, ஒரு நூல் கூட்டி அறுத்தாள்.